நிற்பதும் குடிப்பதும் ஒன்றல்ல

கல்லூரி விடுதியின் தொலைக்காட்சி அறையில் மாணவர்களோடு அமர்ந்து இங்கிலாந்து நாட்டுக் கால்பந்தாட்டம் ஒன்றை அண்மையில் கண்டோம். ஆட்டத்தினும் அதனைக் காண வந்திருந்த கூட்டமே நம் கண்ணை ஈர்த்தது. கோல் கம்பத்திற்குப் பின்னிருந்த பகுதியில் ஆயிரக்கணக்கானோர் தொண்ணூறு நிமிடமும் நின்றபடியே பாடிக்கொண்டிருந்தனர். "இருக்கை இருந்தும் இவர்கள் ஏன் ஐயா உட்காருவதில்லை?" என்று முதலாண்டு மாணவர் ஒருவர் வினவினார். நாம் விடை கூறுமுன், அன்று விடுதிக்கு வந்திருந்த சமுதாயப் பெரியவர் ஒருவர், "குடித்தவனுக்கு உட்காரத் தோன்றுமா தம்பி? முன்பு ஒருமுறை அங்கே குடிவெறியில் ஒருவரையொருவர் மிதித்து நூறு பேர் செத்துப் போனார்களே!" என்றார். அறையில் இருந்த எவரும் மறுத்துரைக்கவில்லை. நாமும் மறுக்கவில்லை. அந்த மௌனத்தின் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாம் செய்த பிழை

பெரியவரைக் குறை கூறும் தகுதி நமக்கில்லை. ஏனெனில் இதே செய்தியை, இதைவிட அழகாக, நாமே வகுப்பறையில் கூறியிருக்கிறோம். திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையைப் பாடம் நடத்தும்போதெல்லாம், நூலறிவுக்கு நடப்புலகச் சான்று ஒன்று சேர்த்தால் மாணவர் மனத்தில் பதியும் என்னும் நினைப்பில், 1989இல் இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரில் நேர்ந்த பேரிழப்பை எடுத்துக் காட்டுவது நம் வழக்கம். எங்கோ பழைய இதழொன்றில் படித்த செய்தி அது. சரிபார்க்க வேண்டும் என்று ஒருபோதும் தோன்றவில்லை. மதுவுக்கு எதிரான செய்தியாயிற்றே, பொய்யாக இருக்குமா என்று எண்ணினோம்.

2016ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நாளேட்டில் ஒரு செய்தி கண்டோம். ஷெப்பீல்டில் இறந்தவர்கள் சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்டவர்கள் என்றும், ரசிகர்களின் நடத்தை அம்மரணங்களுக்குக் காரணமாகவில்லை என்றும் மரண விசாரணை நடுவர் குழு தீர்ப்பளித்திருந்தது. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கள்ளுண்ணாமையைக் கற்பிக்கப் போய், அதே நூலின் 19ஆம் அதிகாரமாகிய புறங்கூறாமையை மீறியிருந்தோம். அதுவும் தமக்காக வாதாட இயலாத இறந்தவர்களைப் பற்றி! எத்தனை ஆண்டு மாணவர்கள் அப்பொய்யை நம்மிடமிருந்து எழுதிக்கொண்டு போயினரோ, அறியோம்.

ஷெப்பீல்டில் நடந்தது என்ன?

1989 ஏப்ரல் 15. ஷெப்பீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் அணிக்கும் நாட்டிங்காம் பாரஸ்ட் அணிக்கும் கோப்பை அரையிறுதி ஆட்டம். லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் நின்று பார்ப்பதற்கு 10,100 சீட்டுகள் விற்கப்பட்டிருந்தன. அத்தனை பேரும் நுழைவதற்குச் சுழல்வாயில்கள் ஏழே ஏழு. ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்க நெருங்க வெளியே கூட்டம் பெருகிற்று. நெரிசலைத் தணிக்க எண்ணிய காவல்துறைத் தலைமை அதிகாரி வெளியேறும் பெருவாயில் ஒன்றைத் திறக்க ஆணையிட்டார். உள்ளே வந்தவர்களுக்கு எதிரே தெரிந்தது ஒரு சுரங்கவழி. அது நேரே நடுப்பகுதி அடைப்புகளுக்குச் சென்றது. அவ்வடைப்புகளோ முன்னரே நிரம்பி வழிந்தன. பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. ஆயினும் சுரங்கவழியை மூடி, மக்களைப் பக்கவாட்டில் திருப்பிவிட எவரும் இல்லை.

முன்னே இருப்பு வேலி. பின்னே மேலும் மேலும் மக்கள். ரசிகர்கள் மைதானத்திற்குள் புகாதிருக்க எழுப்பப்பட்ட வேலி அது. மாட்டுக்குத் தொழுவம் கட்டுவோர்கூட மூச்சுவிட வழி வைப்பர். மணி 3.06க்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் நின்ற நிலையிலேயே மூச்சடைத்துப் பலர் மாண்டனர். இறந்தோருள் பத்து வயதுச் சிறுவனும் உண்டு. அன்று அடைந்த காயங்களால் பின்னாளில் இறந்தோரையும் சேர்த்து இழப்பின் கணக்கு 97. தொண்ணூற்றேழாமவர் இறந்தது 2021இல்.

இனி, குடிக்கதை எங்கே பிறந்தது எனப் பார்ப்போம். வாயிலை ரசிகர்களே உடைத்துத் திறந்தனர் என்று அந்த அதிகாரி அன்றைக்கே கூறினார். அது பொய் என்பதை 2015இல் விசாரணை மன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார். குற்றவியல் வழக்கில் 2019இல் அவர் விடுவிக்கப்பட்டார் என்பதையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்த நான்காம் நாள் 'தி சன்' என்னும் நாளேடு, குடிவெறியர்களான ரசிகர்கள் இறந்தவர்களிடமே திருடினர் என்று முதற்பக்கத்தில் எழுதி, அதற்கு 'உண்மை' என்று தலைப்பும் இட்டது. இறந்தவர்களின் குருதி, சிறுவர்களுடையது உட்பட, மது உண்டா எனச் சோதிக்கப்பட்டது. மகனை இழந்து நிற்கும் தாய்க்கு, அவன் குருதியில் எவ்வளவு மது இருந்தது என்று அரசு தேடியது என்னும் செய்தி எப்படி இருந்திருக்கும்!

நீதியரசர் டெய்லர் 1989 ஆகஸ்டிலேயே தம் இடைக்கால அறிக்கையில், காவல்துறை கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தவறியதே முதன்மைக் காரணம் என்று எழுதிவிட்டார். ஆயினும் பொய்க்குக் கால்கள் மிகுதி. 2012இல் தனிக்குழு ஒன்று ஆவணங்களையெல்லாம் ஆராய்ந்து, காவலர்களின் வாக்குமூலங்கள் 164 திருத்தப்பட்டன என்பதையும், அவற்றுள் 116இல் காவல்துறைக்குப் பாதகமான பகுதிகள் மாற்றப்பட்டன அல்லது நீக்கப்பட்டன என்பதையும் வெளிப்படுத்தியது. பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மை ஊரறிய 23 ஆண்டுகள் ஆயின. தீர்ப்பாக 27 ஆண்டுகள் ஆயின.

அப்பொய்யை உலகம் எளிதில் நம்பியதற்கும் ஒரு காரணம் உண்டு. 1985 மே 29இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் ஹெய்சல் அரங்கில், இதே லிவர்பூல் ரசிகர்களுள் ஒரு சாரார் எதிரணியினர்மீது பாய்ந்தனர். அஞ்சி ஒதுங்கியோர் நெருக்கத்தில் சுவர் இடிந்தது. 39 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இத்தாலியர். அங்கே குற்றம் இருந்தது. குற்றவாளிகளுக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் ஓரிடத்துக் குற்றத்தை ஊர் முழுவதன்மீதும் ஏற்றி, நான்காண்டு கழித்து வேறோர் இடத்தில் இறந்த சிறுவனையும் அதில் சேர்த்துவிடுவது நீதியாகுமா? ஒரு கூட்டத்தாரில் சிலர் செய்த குற்றத்திற்காகக் கூட்டம் முழுவதும் பழி சுமக்கும் கொடுமையை அறியாதவர்கள் அல்லர், இம்மலரைப் படிப்போர்.

நின்றதால் இறந்தார்களா?

டெய்லரின் இறுதி அறிக்கை 1990 சனவரியில் வெளிவந்தது. அதில் 76 பரிந்துரைகள் இருந்தன. கூட்டப் பாதுகாப்பைப் பற்றி இங்கிலாந்தில் வெளிவந்த ஒன்பதாம் அரசு அறிக்கை அது. முதல் அறிக்கை 1924லேயே வந்துவிட்டது. எட்டு அறிக்கைகள் அலமாரியில் உறங்கியதன் விலையை ஒன்பதாவது எழுதிற்று. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து இல்லை எனினும், தனியொரு நடவடிக்கையாக அதிகப் பயன் தருவது அனைவருக்கும் இருக்கை அமைப்பதே என்பது டெய்லரின் கருத்து. அதன்படி மேல்நிலைப் பிரிவு இரண்டிலும் உள்ள அரங்குகள் 1994 ஆகஸ்டுக்குள் முழுவதும் இருக்கை அரங்குகளாக மாறத் தொடங்கின.

லிவர்பூலின் ஆன்பீல்டு அரங்கில் 'கோப்' என்னும் புகழ்பெற்ற படிக்கட்டு மேடை 1994 ஏப்ரல் 30இல் நின்று பார்ப்போரைக் கடைசியாகக் கண்டது. அப்பெயர் தென்னாப்பிரிக்காவின் ஸ்பியான் கோப் குன்றிலிருந்து வந்தது. 1900இல் அக்குன்றில் நடந்த போரில் காயமுற்றோரைச் சுமந்த இந்தியத் தொண்டர் படையில் காந்தியடிகள் இருந்தார். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம்மவர்களும் இருந்தனர். எங்கோ உள்ள ஒரு கால்பந்து மேடையின் பெயருக்குள் நம் மக்களின் தோள்வலியும் மறைந்திருப்பது வியப்பன்றோ!

டெய்லரின் நோக்கம் உயர்ந்தது. பயனும் விளைந்தது, இதனை மறுப்பது நன்றி கொன்ற செயலாகும். ஆயினும் நின்றதுதான் கொன்றதா என்னும் வினாவிற்குச் சான்றுகள் வேறு விடை தருகின்றன. 1946இல் போல்ட்டன் நகரில் 33 பேர் இறந்தது, அளவுக்கு மீறி மக்கள் நுழைந்ததால். 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் 66 பேர் இறந்தது, ஆட்டம் முடிந்து வெளியேறும் செங்குத்தான படிக்கட்டில். 1985 மே 11இல் பிராட்போர்டு நகரில் 56 பேர் தீயில் வெந்தனரே, தீப்பற்றியது நின்று பார்க்கும் பகுதியன்று. இருக்கைகள் அமைந்த பழைய மரக்கூடம். கீழே குப்பை சேர்ந்திருந்தது. பின்பக்க வாயில்கள் பூட்டியிருந்தன. அமர்ந்திருந்தோரை இருக்கை காக்கவில்லை.

இந்நிகழ்ச்சிகள் யாவற்றுக்கும் பொதுவானவை: எண்ணாமல் விட்ட வாயில், பூட்டிய கதவு, தாழாத வேலி, திருத்தாத படிக்கட்டு. மனிதன் நின்றானா அமர்ந்தானா என்பது அடுத்த வினா.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இருக்கை வந்தபின் நிற்பது ஒழிந்துவிடவில்லை. விடுதி மாணவர் வினவியதே அதற்குச் சான்று. மக்கள் இருக்கைக்கு முன்னே நின்றார்கள். முழங்கால் உயர இருக்கை முதுகு, நெஞ்சுயரத் தடுப்பைவிட ஆபத்தானது. கோல் விழுந்த களிப்பில் பின்வரிசையோர் சாய்ந்தால் முன்வரிசையோர் அதன்மேல் தடுக்கிக் கவிழ்வர். ஆக, சட்டம் உட்காரச் சொல்லிற்று, கால் நின்றது, இரண்டுக்கும் இடையில் எலும்பு முறிந்தது.

இதற்குத் தீர்வாக வந்ததே கம்பித் தடுப்புடன் கூடிய மடக்கு இருக்கை. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னே இடுப்புயர இரும்புக் கம்பி ஓடும். ஓர் இருக்கைக்கு ஒரு சீட்டு. ஒரு சீட்டுக்கு ஓராள். எனவே பழைய படிக்கட்டு மேடைபோல் அளவின்றி அடைக்க இயலாது. பின்னிருந்து தள்ளினும் தள்ளல் ஒரு வரிசையோடு நின்றுவிடும். கிளாஸ்கோவின் செல்டிக் கழகம் 2016இல் ஏறத்தாழ 2,600 இடங்களை இவ்வாறு அமைத்தது. இங்கிலாந்திலும் வேல்சிலுமாக 2022 சனவரியில் ஐந்து கழகங்களில் வெள்ளோட்டம் நடந்தது. முதல் ஆட்டம் சனவரி 2இல் செல்சிக்கும் லிவர்பூலுக்கும் இடையே. வெள்ளோட்டம் நிறைவளிக்கவே, 2022-23 பருவம் முதல் உரிமம் பெற்ற கழகங்கள் நிற்க இடம் அளிக்கலாயின. செர்மனியோ நிற்கும் உரிமையைக் கைவிடவே இல்லை. டார்ட்மண்டு நகரின் தெற்கு மேடையில் ஏறத்தாழ 25,000 பேர் நிற்கிறார்கள். அங்கே நிற்போருக்குச் சீட்டு விலை குறைவு.

இந்த விலைப் பேச்சு சிறியதன்று. இருக்கை வந்தால் விலை மிகையாக உயர வேண்டியதில்லை என்று டெய்லரே எழுதினார். ஐப்ராக்ஸ் அரங்கில் நிற்க நான்கு பவுண்டு, அமர ஆறு பவுண்டு என்பது அவர் காட்டிய சான்று. கழகங்கள் இருக்கைப் பரிந்துரையை எடுத்துக்கொண்டன. விலை அறிவுரையை விட்டுவிட்டன. துறைமுகத் தொழிலாளியும் அவர் மகனும் நின்ற இடத்தில் வேறொருவர் அமர்ந்தார். ஆகவே, கம்பித் தடுப்பும் நேர்மையான எண்ணிக்கையும் இருக்குமாயின், நிற்க விடுவதே நீதி என்பது நம் கருத்து. விலை குறையாமல் நிற்க மட்டும் விடுவது, அமர்ந்து கொடுத்த பணத்தை நின்று கொடுக்கச் சொல்வதாகவே முடியும்.

கிண்ணத்தின் வழக்கு

இனிக் குடிக்கு வருவோம். 1980 மே திங்களில் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் அரங்கில் கோப்பை இறுதியாட்டம் முடிந்ததும் செல்டிக், ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் மைதானத்திலேயே மோதிக்கொண்டனர். அதன் விளைவாக ஸ்காட்லாந்து அதே ஆண்டு அரங்கில் மதுவைத் தடை செய்தது. இங்கிலாந்தும் வேல்சும் 1985இல் சட்டம் இயற்றின. ஆட்டத்திற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்புவரை, மைதானம் கண்ணில் படும் இடத்தில் மது வைத்திருத்தல் குற்றம். ரசிகர்களை ஏற்றிச் செல்லும் வாடகைப் பேருந்திலும் தனி இரயிலிலும் அவ்வாறே. அரங்கின் உட்புற நடைக்கூடத்தில் விற்கலாம், குடிக்கலாம், கிண்ணத்தோடு மைதானத்தைப் பார்க்கத்தான் கூடாது.

இத்தடையை நீக்க வேண்டும் என்போரின் வாதங்கள் எளிதில் தள்ளத்தக்கவையல்ல.

முதலாவது: கிரிக்கெட்டையும் ரக்பியையும் கிண்ணத்தோடு காணலாம்; கால்பந்தை மட்டும் ஏன் காணக்கூடாது? தொழிலாளர் விளையாட்டுக்கு ஒரு நீதி, மேட்டுக்குடி விளையாட்டுக்கு ஒரு நீதியா? இவ்வாதத்தில் உண்மை உண்டு. இன்னும் சொல்வோம்: கால்பந்து அரங்கிலேயே செல்வர்களின் தனியறைகளுக்குத் தடைநேரம் ஆட்டத்திற்கு முன்னும் பின்னும் 15 நிமிடமாகச் சுருக்கப்பட்டது. வெயிலில் நிற்பவனுக்கு இரண்டு மணி, கண்ணாடி அறையில் இருப்பவருக்குக் கால் மணி!

இரண்டாவது: தடை குடியைக் குறைக்கவில்லை; அவசரப்படுத்துகிறது. இடைவேளை 15 நிமிடத்தில் இரண்டு கிண்ணங்களை விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள். நடைக்கூடத்தில் புதிய நெரிசல் உண்டாகிறது. மூன்றாவது: செர்மனியில் நின்றுகொண்டே பீர் அருந்துகிறார்கள், வானம் இடிந்து விழவில்லை. நான்காவது: சிறு கழகங்களுக்கு வருவாய் வேண்டும். 2021இல் வெளியான ரசிகர் சார்பு ஆய்வறிக்கை, கீழ்நிலைப் பிரிவுகளில் வெள்ளோட்டம் நடத்திப் பார்க்கலாம் என்றே பரிந்துரைத்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்திற்குள் வராத மகளிர் கால்பந்தில், இரண்டாம் நிலைக் கழகங்கள் சிலவற்றில் 2025இல் அத்தகைய வெள்ளோட்டம் தொடங்கிற்று.

ஐந்தாவது வாதத்தை எவரும் கூறுவதில்லை, நாமே கூறுகிறோம். கண்படும் இடத்தில் குடிக்காதே என்று சட்டம் சொன்ன அதே நாட்டில், முதல்நிலைப் போட்டித் தொடரே 1993 முதல் 2001 வரை கார்லிங் என்னும் பீரின் பெயரைச் சூடியிருந்தது. லிவர்பூல் வீரர்கள் 1992 முதல் 2010 வரை கார்ல்ஸ்பெர்க் பீரின் பெயரை மார்பில் சுமந்தனர். கையில் கிண்ணம் குற்றம்; பத்து வயதுச் சிறுவன் அணியும் சட்டையில் அதன் பெயர் வணிகம்! இத்தகைய சட்டத்தை எவர் மதிப்பர்?

இத்தனையும் ஒப்புக்கொண்ட பின்னும், தடை நீடிக்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். அது நம் மார்க்கம் விலக்கிய பொருள் என்பதால் மட்டுமன்று. நமக்கு விலக்கப்பட்டது என்பது நம் ஒழுக்கத்திற்குப் போதுமான காரணம்; பலர் வாழும் நாட்டின் சட்டத்திற்கு எல்லாரும் ஏற்கத்தக்க காரணம் வேண்டும். தமிழ் மரபும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. கள்ளும் தேறலும் வழங்கிய வள்ளல்களைச் சங்கப் புலவர்கள் பாடினர். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிக் கண்டித்தார். எனவே மரபை மட்டும் காட்டி வாதத்தை முடித்துவிட இயலாது.

நம் காரணம் இதுவே: நிற்பவனின் நிலை அவனோடு நிற்கிறது, குடிப்பவனின் நிலை அடுத்தவன்மேல் சாய்கிறது. 2021 சூலை 11இல் இலண்டன் வெம்ப்ளி அரங்கில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். காலை முதலே அரங்கிற்குச் செல்லும் சாலையில் குடி. ஏறத்தாழ 2,000 பேர் சீட்டின்றி உள்ளே புகுந்தனர். மாற்றுத் திறனாளிகளுக்கென வைத்த வாயில்களை அவர்கள் குறிவைத்தனர். மதுவும் போதைப்பொருளும் அன்றைய வெறிக்குத் தீனி போட்டன என்றும், உயிர்ச்சேதம் நூலிழையில் தப்பிற்று என்றும் அதைப் பற்றிய ஆய்வறிக்கை கூறிற்று. அன்று குடி பெரும்பாலும் அரங்கிற்கு வெளியே நடந்தது என்பது உண்மை. இருக்கைப் பகுதியின் தடை மட்டும் போதாது, அரங்கிற்குச் செல்லும் வழியும் காக்கப்பட வேண்டும் என்பதையே அது காட்டுகிறது. தடை வேண்டாம் என்பதையன்று.

அரங்கில் அமர்ந்திருப்போர் யாவரும் குடிப்போரும் அல்லர். இன்று அந்நாட்டு மேடைகளில் மகளிர் இருக்கின்றனர், குழந்தைகள் இருக்கின்றனர், முசுலிம் குடும்பங்களும் இருக்கின்றன. சிறந்த ஆட்டக்காரர் என்று வழங்கிய ஷாம்பெய்னை யாயா தூரே கனிவோடு மறுத்தது 2012இல். அதன்பின் அப்பரிசு கேடயமாக மாறிற்று. 2023 ரமலானில் செல்சி கழகம் தன் மைதானத்தின் ஓரத்திலேயே நோன்பு திறக்கும் நிகழ்ச்சியை நடத்திற்று. அவ்வளவு தூரம் மாறிய அரங்கில், கோல் விழுந்ததும் கிண்ணங்கள் வானில் பறந்தால், மகனை அழைத்து வந்த தந்தையின் சட்டையில் பீர் வழிந்தால், அவர் அதே ஆடையோடு மாலைத் தொழுகைக்கு எங்ஙனம் நிற்பார்? குடிப்பவனின் உரிமைக்கு எல்லை அடுத்தவன் ஆடையின் ஓரம்.

கத்தாரும் மற்ற சான்றுகளும்

2022 உலகக் கோப்பை தொடங்க இரண்டு நாள் இருக்கையில், கத்தாரின் அரங்க வளாகங்களில் பீர் விற்பனை இல்லை என்று அறிவிக்கப்பட்டது. மேலை நாட்டு இதழ்கள் கொதித்தன. போட்டியோ அமைதியாக நடந்தேறியது. இங்கிலாந்து, வேல்சு ரசிகர்களுள் ஒருவர்கூடக் கைது செய்யப்படவில்லை என்று அந்நாட்டுக் காவல்துறையே கூறிற்று. நம்மவர் பலர் இதனை மார்தட்டிச் சொன்னார்கள்.

மார்தட்டுமுன் இரண்டு செய்திகளை எண்ண வேண்டும். கத்தார் வரை செல்லப் பணம் உடையோரே சென்றனர். எனவே அமைதிக்குத் தடை மட்டுமே காரணம் எனல் இயலாது. மேலும், மது இல்லாத இடத்தில் மரணம் இல்லையா? அதே 2022 அக்டோபர் 1இல் இந்தோனேசியாவின் மாலாங் வட்டாரத்தில், கஞ்சுருகான் அரங்கில் 135 பேர் இறந்தனர். அது குடிவெறியால் விளைந்ததன்று. காவலர் வீசிய கண்ணீர்ப்புகைக்கு அஞ்சி ஓடியோர் குறுகிய வாயில்களில் நசுங்கினர். 2012 பிப்ரவரி 1இல் எகிப்தின் போர்ட் சயீதில் எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் நாட்டில் 1980 ஆகஸ்டு 16இல் கொல்கத்தா ஈடன் தோட்டத்தில், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் 16 பேர் மாண்டனர். 2025 சூன் 4இல் பெங்களூரில் வெற்றி விழாக் காண வந்த 11 பேர் அரங்க வாயிலில் இறந்தனர்.

இந்தோனேசியாவில் இறந்தோரைக் குடியர் என எவரும் சொல்ல இயலவில்லை. ஆகவே வாயிலைப் பற்றிய கேள்வி உடனே எழுந்தது. ஷெப்பீல்டில் குடி என்னும் சொல் கிடைத்தது; ஆகவே வாயிலைப் பற்றிய கேள்வி 27 ஆண்டு காத்திருந்தது. நிற்பதையும் குடிப்பதையும் ஒரே மூச்சில் பேசுவதன் தீங்கு இதுதான். குடி தீது, ஆனால் குடியைக் காட்டிக் கடமை தவறியோர் தப்பிப்பது அதனினும் தீது.

நம் முடிவு

எனவே நம் கருத்து இது. ரசிகரை நிற்க விடலாம். தடுப்புக் கம்பியும், ஓரிடத்திற்கு ஒருவர் என்னும் கணக்கும், எளியோர்க்கு ஏற்ற விலையும் உடன் வேண்டும். கிண்ணம் மைதானம் காணும் மேடைக்கு வரலாகாது. அத்தடை தனியறைச் செல்வருக்கும் அதே அளவில் பொருந்த வேண்டும். மதுவின் பெயர் விளம்பரப் பலகையிலும் இருக்கலாகாது. சிறு கழகங்களின் வெள்ளோட்டம் நடக்குமாயின், அதன் கணக்கு வருவாயில் தொடங்கி வருவாயிலேயே முடியாமல், குடிக்காதவர் அங்கே எவ்வாறு உணர்ந்தனர் என்பதையும் கேட்க வேண்டும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. கந்தூரியாயினும் தேர்த்திருவிழாவாயினும் கல்லூரி விழாவாயினும், கூட்டம் கூடுமிடத்தில் இழப்பு நேருமாயின், இறந்தவன் எப்படிப்பட்டவன் என்று முதலில் கேட்பதை விடுவோம். வாயில் எத்தனை, பூட்டியவர் யார், எண்ணியவர் யார் என்று கேட்போம்.

விடுதி அறையில் அன்று வாய்மூடி இருந்தோம் என்றோமே, மறுநாள் அப்பெரியவரின் கடைக்குச் சென்று உண்மையைச் சொன்னோம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே சொல்லிவந்தோம் என்பதையும் சேர்த்தே சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின், "அந்தப் பத்து வயதுப் பிள்ளையையுமா அப்படிச் சொன்னார்கள்?" என்று கேட்டார். "ஆம்" என்றோம். "அப்படியானால் நானும் சொல்லிவிட்டேனே, ஐயா" என்றார்.

கள்ளுண்ணாமை அதிகாரத்தை இவ்வாண்டும் நடத்துகிறோம். ஷெப்பீல்டு இப்போதும் அப்பாடத்தில் வருகிறது. ஆனால் குடியின் தீமைக்குச் சான்றாக அன்று. நம்மிடம் முன்னாளில் அப்பாடம் கேட்ட மாணவர் எவரேனும் இம்மலரைப் படிப்பாராயின், தம் குறிப்பேட்டில் அவ்வரியை அடித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.